அரைப்படி நெல்லும் ஒன்றரை மணி நேரமும்

(வெண்மணி நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



வெண்மணி நாளில் பேசுவதற்கு நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சிலருக்குச் சிறியதாகத் தோன்றலாம். நம் வீட்டைக் கூட்டித் துடைத்து, பத்துப் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போகிற அம்மாவுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு கொடுப்பது, அதை எப்படித் தீர்மானிப்பது என்பதுதான் பொருள். இதை வேறொரு நாளில் பேசியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு, இந்த நாளில்தான் பேச வேண்டும் என்று பதில் சொல்ல விரும்புகிறோம்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் நம் மக்கள் 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த வட்டாரத்தில் நம்மவர்கள் அப்போது வைத்திருந்த கோரிக்கை, கூலியில் அரைப்படி நெல் கூடுதலாக அளக்க வேண்டும் என்பது. சங்கமாகச் சேர்ந்து, தலை நிமிர்ந்து கேட்டார்கள். கேட்டதுதான் குற்றமாயிற்று. அடுத்த ஆண்டு, 1969-இல், வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 'நியாயக் கூலி' என்ற சொல் நம் மாநிலச் சட்டத்தில் ஏறியதன் பின்னால் வெண்மணியின் சாம்பல் இருக்கிறது. ஆகவே அந்தச் சொல்லை நாம் எங்கே பயன்படுத்தினாலும், எந்த வீட்டு வாசலில் நின்று பயன்படுத்தினாலும், கணக்குச் சரியாக இருக்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நம்மில் பலருடைய அம்மாவும் பாட்டியும் வீட்டு வேலை செய்தவர்கள். அந்தச் சம்பளத்தில் வாங்கிய நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் படித்தவர்கள் நாம். இட ஒதுக்கீட்டில் படித்து, ஆசிரியராக, வங்கி ஊழியராக, அரசு அலுவலராக ஆகியிருக்கிறோம். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறோம். இன்று நம் வீட்டுக்கும் வேலைக்கு ஒருவர் வருகிறார். வாங்கிய கை கொடுக்கிற கையாக மாறியிருக்கிறது. மாறிய பிறகு நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதை யாரும் மேடையில் பேசுவதில்லை. இன்று பேசிவிடுவோம்.

வேலைக்குச் சேரும் நாளன்று நடக்கும் பேச்சை நினைத்துப் பாருங்கள். "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க அக்கா?" என்று நாம் கேட்கிறோம். அவர் வாசற்படியில் நின்றபடி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நீங்களே பாத்துக் குடுங்க சார்" என்கிறார். நமக்கு மனம் குளிர்ந்துவிடுகிறது. நல்ல மனுஷி, பேரம் பேசவில்லை என்று நினைக்கிறோம்.

அந்தச் சொல்லை நாம் வேறு இடத்தில் கேட்டிருக்கிறோம். களத்துமேட்டில் நெல் அளக்கும்போது நம் தாத்தாக்கள் சொன்ன சொல் அது. விலை சொல்லும் உரிமை இல்லாதவன் சொல்கிற சொல். தொகையைச் சொன்னால் "அவ்வளவா?" என்று முகம் சுருங்கும், வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற பயம் அதற்குள் இருக்கிறது. 'பாத்துக் குடுங்க' என்றால் 'குறைத்துக் கொடுத்தாலும் நான் கேட்க முடியாது' என்று பொருள். அதைப் பணிவு என்று எடுத்துக்கொள்வதற்கு நமக்கு உரிமை இல்லை. வேறு யாருக்கும் புரியாவிட்டாலும் நமக்குப் புரிய வேண்டும்.

அவர் தொகை சொல்லாதபோது நாம் என்ன செய்கிறோம்? பக்கத்து வீட்டில் கேட்கிறோம். "நாங்க இவ்வளவுதான் கொடுக்கிறோம். நீங்க கூடக் கொடுத்து ரேட்டை ஏத்திவிட்டுடாதீங்க" என்று பதில் வருகிறது. அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் வாட்ஸ்அப் குழுவிலேயே இது பேசி முடிவாகிவிடுகிறது. சம்பளம் வாங்குகிறவர் அந்தக் குழுவில் இல்லை. கீழத்தஞ்சையில் மிராசுதார்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்திருந்தார்கள். கூலியை ஏற்றாமல் நிறுத்திவைப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. வீட்டுக்காரர்களும் அந்த மிராசுதார்களும் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கொடுக்கிறவர்கள் மட்டும் கூடிப் பேசி, வாங்குகிறவரின் விலையை நிறுத்திவைப்பது பழைய பழக்கம். அந்தக் கூட்டத்தில் நாம் போய் உட்காரக் கூடாது. 'ஊரில் எல்லோரும் கொடுப்பது' என்பது நியாயத்துக்கு அளவுகோல் என்றால், 1968-இல் அரைப்படி கேட்டது அநியாயம் என்றாகிவிடும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பாபாசாகேப் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, 1946 ஏப்ரலில் குறைந்தபட்ச ஊதிய மசோதாவை மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அது 1948-இல் சட்டமாயிற்று. அந்தச் சட்டத்தின் அமைப்பு என்னவென்றால், எந்தெந்த வேலைக்கு அது பொருந்தும் என்று ஒரு பட்டியல் இருந்தது. அரிசி ஆலை இருந்தது, கல் உடைத்தல் இருந்தது, தோல் பதனிடுதல் இருந்தது, விவசாயம் இருந்தது. வீட்டு வேலை இல்லை. பட்டியலில் இல்லாத வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி என்ற பேச்சே அந்தச் சட்டத்தில் இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2007-இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைந்தது. 2018-இல்தான் வீட்டு வேலைக்கு மணிக் கணக்கில் குறைந்தபட்சக் கூலி அறிவிக்கப்பட்டது. அப்போது தொடக்க நிலை வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு 37 ரூபாய்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் வீட்டுப் பணியாளர்களுக்கான 189-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. இன்னும் அதை ஏற்று ஒப்புதல் அளிக்கவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே, வீட்டுப் பணியாளர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி ஒன்றிய அரசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்த 37 ரூபாயை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். இரண்டு படுக்கையறை உள்ள வீடு. பாத்திரம் தேய்த்து, கூட்டி, துடைத்து முடிக்க ஒன்றரை மணி நேரம். வாரம் ஒரு நாள் விடுமுறை போக மாதம் 26 நாள். மொத்தம் 39 மணி நேரம். 37 ரூபாய் வீதம் 1,443 ரூபாய் வருகிறது. ஒருவர் இதே வேலைக்கு 2,000 ரூபாய் கொடுத்தால், '2018 அறிவிப்பு சொன்னதைவிட அதிகம் கொடுக்கிறோம்' என்று நெஞ்சை நிமிர்த்தலாம். இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். குறைந்தபட்சக் கூலி என்பது இதற்குக் கீழே போனால் குற்றம் என்று சொல்லும் தரை. நியாயக் கூலி அந்தத் தரையிலேயே நின்றுவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

அப்படியானால் நியாயத்துக்கு அளவுகோல் எங்கே இருக்கிறது? நம்மில் பலர் அரசு ஊழியர்கள். நமக்குத் தெரிந்த அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு அரசில் கடைநிலையில் சேரும் அலுவலக உதவியாளருக்கு, 2017 ஊதியத் திருத்தத்தின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 15,700 ரூபாய். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதமாயிற்று. அதாவது 7,850 ரூபாய். இரண்டும் சேர்த்து 23,550. வீட்டு வாடகைப்படி முதலியவற்றை விட்டுவிடுவோம். நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் என்று கறாராக வைத்தால் 208 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு 113 ரூபாய் வருகிறது.

ஓர் அலுவலகத்தில் கோப்பு எடுத்துக் கொடுக்கிறவரின் ஒரு மணி நேரம் 113 ரூபாய் என்றால், நம் வீட்டில் குனிந்து நிமிர்ந்து தரை துடைக்கிறவரின் ஒரு மணி நேரம் எந்தக் கணக்கில் அதற்குக் குறைவு? நம் ஒன்றரை மணி நேர வேலைக்கு 39 மணி நேரத்தை 113-ஆல் பெருக்கினால் 4,407 ரூபாய். 2,000 கொடுக்கிற வீடு மணிக்கு 51 ரூபாய் கொடுக்கிறது. பாதிக்கும் கீழே. மீதிப் பாதி யாருடைய பணம்? அந்த அம்மாவின் பணம் நம் வீட்டில் தங்கிவிடுகிறது என்பதுதான் நேரான பதில்.

இந்தக் கணக்கில் இன்னும் சேராத நேரம் ஒன்று உண்டு. சென்னையின் நடுவில் கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்த நம் மக்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்விட்டார்கள். முன்பு வேலை செய்யும் வீட்டுக்கு நடந்து போனவர்கள், இருபது கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் வர வேண்டியதாயிற்று. பலர் வீடுகளையே இழந்தார்கள். வீடு என்று இங்கே சொல்வது வேலை செய்யும் வீடுகளை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண அரசுப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரிய உதவிதான். ஆனால் காசு மிச்சமானாலும், போக வர ஆகும் இரண்டு மூன்று மணி நேரம் திரும்பி வராது. தூரத்திலிருந்து வருகிறவரை 'ஏன் லேட்டு?' என்று கேட்பதற்கு முன்னால் அவர் எங்கிருந்து வருகிறார், ஏன் அங்கே போனார் என்பது நம் நினைவில் இருக்க வேண்டும்.

பணத்துக்குப் பிறகு பண்டம். "சம்பளம் மட்டுமா கொடுக்கிறோம்? தீபாவளிக்குப் புடவை, பழைய துணி, மிச்சமான சாப்பாடு எல்லாம் கொடுக்கிறோமே" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறோம். பாமாவின் 'கருக்கு' 1992-இல் வந்தது. அதில் பாட்டி நாயக்கர் வீட்டில் வேலை செய்துவிட்டு மிச்சச் சோற்றை வாங்கும் இடத்தைப் படித்தவர்கள் மறக்க மாட்டார்கள். மேலேயிருந்து கொட்டுகிறார்கள், கீழே ஏந்துகிறார். அந்தச் சோறு கூலியா, பிச்சையா என்று பேத்திக்கு எழுந்த கேள்வியிலிருந்துதான் நம் இலக்கியத்தின் ஒரு பகுதி பிறந்தது. அந்த நூலை மேடையில் பாராட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜில் நான்கு நாள் இருந்த குழம்பைத் தூக்கிக் கொடுத்தால், நாம் அதைப் படிக்கவில்லை என்றே பொருள். நாம் சாப்பிடுவதை, நாம் சாப்பிடும்போது, அவர் விரும்பினால் பகிர்ந்துகொள்வோம். அதைச் சம்பளத்தில் சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டாம்.

தீபாவளிக்கும் ஒரு கணக்கு உண்டு. 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், பின்னாளில் திருத்தப்பட்டபடி, குறைந்தபட்ச போனஸை 8.33 சதவீதம் என்று வைத்திருந்தது. ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம் என்றால் ஒரு மாதச் சம்பளம். நம் வீட்டுக்கு அந்தச் சட்டம் பொருந்தியதில்லை. ஆனால் நம் அலுவலகத்தில் போனஸுக்காக வாயிற்கூட்டம் போடுகிறவர்கள் நாம். வீட்டில் ஒரு புடவையோடு முடித்துக்கொள்வதற்கு என்ன நியாயம் இருக்கிறது? புடவை கொடுப்பது நம் அன்பு. போனஸ் அவருடைய பணம்.

இப்போது சாதிக்கு வருவோம். வீட்டு வேலைக்குள்ளேயே ஓர் ஏணி இருக்கிறது. சமையல் செய்கிறவருக்கு அதிகம். பாத்திரம் தேய்த்துத் துடைக்கிறவருக்கு அதற்குக் கீழே. கழிவறை கழுவ வேறொருவர், வாரத்துக்கு ஒரு முறை, கையில் சில்லறை. சமையலுக்குத் திறமை வேண்டும், அதனால் அதிகம் என்று விளக்கம் சொல்வார்கள். ஆசிட் நெடியில் கையுறை இல்லாமல் கழிவறை கழுவுவதற்கு என்ன வேண்டும் என்று யாரும் விலை போட்டுப் பார்ப்பதில்லை. இந்த ஏணியில் யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பார்த்தால், அது திறமையின் ஏணி இல்லை என்பது தெரிந்துவிடும். சமையலறைக்குள் யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்ற பழைய கணக்குதான் மாதச் சம்பளமாக மாறியிருக்கிறது. உழைப்பைப் பங்கிடுவதோடு சாதி நிற்பதில்லை, உழைக்கிறவர்களையே அடுக்கிவைக்கிறது என்று அம்பேத்கர் நமக்கு விளக்கினார். அந்த அடுக்கு நம் வீட்டுச் சம்பளக் கணக்கில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கழிவறை கழுவும் நேரத்துக்கு மற்ற நேரத்தைவிடக் கூடுதலாகக் கொடுப்பதுதான் முறை. அதைவிட நல்லது, நம் கழிவறையை நாமே கழுவிக்கொள்வது.

இதன் மறுபக்கமும் நமக்குத் தெரியும். கூடத்தில் அம்பேத்கர் படத்தைப் பார்த்துவிட்டு மறுநாளிலிருந்து வேலைக்கு வராமல் நின்றவர்கள் உண்டு. வேலைக்கு ஆள் சொல்கிறவர், 'அவங்க என்ன ஆளுங்க?' என்று நம்மைப் பற்றிக் கேட்பதும் உண்டு. அந்தக் காயத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, நம்மைவிட மேல்சாதிக்காரர் நம் வீட்டில் வேலை செய்கிறார் என்பதில் ஒரு திருப்தி. மற்றொன்று, நம் சொந்த மக்கள் வேலைக்கு வந்தால், 'நம்ம ஆளுதானே' என்று உரிமை எடுத்துக்கொண்டு கூடுதல் வேலை வாங்குவது. இரண்டும் நமக்கு வேண்டாம். யாராக இருந்தாலும் மணிக்கணக்கு ஒன்றே. 'அக்கா' என்று கூப்பிடுகிறோம், நல்லது. அக்காவுக்கு நாற்காலி போடுகிறோமா, நாம் குடிக்கும் டம்ளரில் தேநீர் கொடுக்கிறோமா, நம் கழிவறையை அவர் பயன்படுத்தலாம் என்று நாமாகச் சொல்லியிருக்கிறோமா என்று பார்த்துக்கொள்வோம். தேநீர்க் கடையில் இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராடிய இயக்கம் நம்முடையது.

இதற்கு எதிராக வரும் கேள்விகளையும் ஒதுக்கிவிடக் கூடாது. "நமக்கே வீட்டுக் கடன், கல்விக் கடன். ஊரில் அப்பா அம்மாவுக்கும் அனுப்ப வேண்டும். 4,400 எங்கிருந்து கொடுப்பது?" உண்மையான கேள்வி. முதல் தலைமுறையாகச் சம்பாதிப்பவரின் சம்பளம் ஒரு குடும்பத்துக்கு மட்டும் போவதில்லை என்பது நமக்குத் தெரியும். இதற்கு நம் பதில்: நேரத்தைக் குறைக்கலாம், விலையைக் குறைக்கக் கூடாது. தினமும் வரச் சொல்லாமல் வாரம் மூன்று நாள் வரச் சொல்லலாம். மாதம் 13 நாள், 113 ரூபாய் வீதம் சுமார் 2,200 ரூபாய். மீதி நாளில் வீட்டு ஆண்கள் விளக்குமாற்றை எடுக்கட்டும். மிச்சமாகும் நேரத்தில் அவர் இன்னொரு வீட்டுக்குப் போக முடியும். ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு இப்படி மாற்றுவதானால் அவரோடு பேசி, மாத வருமானம் குறையாதபடிதான் மாற்ற வேண்டும்.

"நாம் மட்டும் அதிகம் கொடுத்தால் மற்ற வீடுகளில் அவருக்குச் சிக்கல் வராதா?" வராது. ஒரு வீட்டில் கூடுதலாகக் கிடைத்தால் மற்ற வீட்டில் வாயைத் திறந்து கேட்கும் தைரியம் வரும். "அவரே கேட்கவில்லையே?" இதற்குப் பதில் முன்னாலேயே சொல்லிவிட்டோம். கேட்க முடியாத நிலையில் இருப்பவர் கேட்கவில்லை என்பதைக் காரணமாகக் காட்டக் கூடாது.

ஆகவே, இந்த அவையிலிருந்து எழுந்து போகும்போது சில முடிவுகளை எடுத்துக்கொண்டு போவோம். வேலை என்னென்ன, எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் வைத்துக்கொள்வது. அவருக்குப் படிக்கத் தெரியாவிட்டால் படித்துக்காட்டி, அவர் பிள்ளையிடம் ஒரு பிரதியைக் கொடுப்பது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. உடம்பு சரியில்லாத நாளுக்கும் பிள்ளையின் பள்ளிக்குப் போகும் நாளுக்கும் சம்பளத்தைப் பிடிக்காமல் இருப்பது. நாம் பதினைந்து நாள் ஊருக்குப் போய்விட்டால் அந்த நாட்களுக்கும் முழுச் சம்பளம் கொடுப்பது, ஏனென்றால் விடுமுறை எடுத்தது நாம், அவர் இல்லை. ஜனவரியிலும் ஜூலையிலும் நமக்கு அகவிலைப்படி ஏறும்போது அதே விகிதத்தில் அவருக்கும் ஏற்றுவது. முன்பணம் கொடுத்தால் அதை வைத்து அவரைக் கட்டிப்போடாமல் இருப்பது. நல வாரியத்தில் பதிவு செய்ய விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, தேவைப்படும் சான்றில் தயங்காமல் கையெழுத்துப் போடுவது. பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையும் 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் அந்தப் பதிவோடு சம்பந்தப்பட்டவை.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விடுதியைக் கூட்டுகிறவர்களிடமும், வாடகை அறைக்கு வேலைக்கு வருகிறவரிடமும் பேசுங்கள். எத்தனை வீடு, எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம் என்று அவர்கள் சம்மதத்தோடு எழுதிவையுங்கள். வகுத்துப் பார்த்து, மணிக்கு எவ்வளவு வருகிறது என்பதை அவர்களிடமே சொல்லுங்கள். மாதத்துக்கு 2,000 என்று தெரிந்திருக்கும். மணிக்கு 51 என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த எண் கையில் இருந்தால் அடுத்த வீட்டில் பேசுவது வேறு மாதிரி இருக்கும். பேசுகிறவர்கள் நான்கு பேரானால் அது சங்கம்.

வெண்மணியில் நம் மக்கள் எத்தனை படி என்று எண்ணிச் சொல்லிக் கேட்டார்கள். 'பாத்துக் குடுங்க' என்று நின்றவர்களாக இருந்திருந்தால் அவர்களை யாரும் எரித்திருக்க மாட்டார்கள். நம்மிடம் வேலைக்கு வருகிறவர் அந்த அளவைச் சொல்லிக் கேட்க, நாம் அதைக் கேட்டுக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் நிலை வர வேண்டும். அடுத்த முறை நம் வாசலில் ஒருவர் 'பாத்துக் குடுங்க' என்று சொன்னால், உள்ளே வரச் சொல்லி, நாற்காலி போட்டு, தாளையும் பேனாவையும் எடுத்து, "உட்காருங்க அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து கணக்குப் போடுவோம்" என்று சொல்வோம்.